மருத இலைப் புழுக்கள்

அன்று காலை ஜெய்னுலாப்தீனுக்கு முதல் எரிச்சல் பக்கத்து எண்ணெய்க்கடை ஐயாதுரை. துப்பு வாடை அடித்தாலே கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். இரண்டாவது, சுந்தரபாண்டியத்திலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் பிடித்து மூச்சிரைக்க வந்த சுடலையம்மாள்.

"ஏட்டையா, பட்டுப்புழுவுக்கு விஷம் வச்சாகன்னு எங்க வீட்டுக்காரவியளத் தோப்புல கட்டிப் போட்டிருக்காக. நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவாக. செஞ்சது யாருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

போலீஸ் வேலையை விட்டு நாலு வருஷமாகியும் ஊருக்கு அவர் ஏட்டையாதான். செருப்பை மாட்டினார். ஐயாதுரையும் கூடவே கிளம்பினார்.

தோப்புக்காரர் தனுஷ்கோடி மலையடிவாரத்து மருத மரங்களில் பிடித்த காட்டுப் பட்டுப்புழுக்களைத் தட்டில் வளர்த்தார். மூன்று நாள் மதுரை போய்த் திரும்பினால், அத்தனையும் செத்துச் சுருங்கிக் கிடந்தன.

"திருவிழாவுக்கு லீவு கேட்டான், இல்லன்னேன். அந்தக் கோவம்," என்றார்.

வேலைக்காரன் இருளப்பசாமி, சுடலையம்மாளின் புருஷன், கொட்டகைத் தூணோடு கட்டுண்டு கிடந்தான். மணிக்கட்டில் திருவிழாவுக்குக் கட்டிய மஞ்சள் காப்பு.

"புழுவுக்கு என்னலே போட்ட?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று தரம் கேட்டாயிற்று.

"வாய்ல கொழுக்கட்டையா வச்சிருக்க? உனக்காக வெயில்ல இம்புட்டுத் தூரம் வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்!"

"புகையிலைத் தண்ணி தெளிச்சிருப்பான், அதான் பேச்சு வரல," என்றார் ஐயாதுரை.

"செத்த நேரம் சும்மா இரும்."

ஜெய்னுலாப்தீன் தட்டைக் கிளறினார். இலைகள் வாடியிருந்தன, ஒன்றிலும் கடி இல்லை. எச்சம் காய்ந்து உதிர்ந்தது.

"விஷமில்ல, பட்டினி," என்றார்.

"தட்டு நிறைய இலை கெடக்கே!" என்றார் தனுஷ்கோடி.

"இது புங்க இலை. மருத இலையில வளந்த புழு செத்தாலும் இதத் தொடாது."

"அப்ப வேணும்னேதான் மாத்திப் போட்டிருக்கான்."

"இவன் ஒடிக்கவே இல்ல. காப்புக் கட்டுனவன் பச்சைக் கொம்ப ஒடிப்பானா? உம்ம ஊர் வழக்கம், நான் சொல்லணுமா?" ஜெய்னுலாப்தீன் திரும்பினார். "காப்புக் கட்டி எத்தன நாளாச்சும்மா?"

"மூணு," என்ற சுடலையம்மாளுக்கு முகம் வெளுத்தது. "அந்த மூணு நாளும் நாந்தான்யா இலை கொண்டாந்தேன். மருதத்துக்கு ஆத்தோரம் போகணும். கெணத்து மேட்டுப் புங்கையில ஒடிச்சேன். எல்லாம் இலைதானன்னு..."

தனுஷ்கோடி தட்டை ஓரமாகத் தள்ளினார். "அவுத்து விடுங்க," என்றார்.

அவள்தான் போய் முடிச்சை அவிழ்த்தாள்.

"இலையப் பாத்ததுமே தெரிஞ்சிருக்குமே. எனக்காவ ஜெயிலுக்குப் போவியளோ?"

"நீ தெரியாமத்தான செஞ்ச," என்றான். அன்று அவன் பேசிய முதல் பேச்சு.

"நான் கூட்டியாந்த ஆளே என்னப் பிடிச்சுக் குடுக்க வேண்டியதாப் போச்சே," என்று அழுதாள். "இனிமே எங்கிட்டச் சொல்லாம ஒரு நல்ல காரியமும் செய்யாதீக."