இது வேஷம் இல்லை

"நான் வரலை, நீங்க போங்க," என்றாள் ஸ்வர்ணலதா.

கங்கம்மா ஜாத்திரையைப் பார்ப்பதற்கென்றே நகரியிலிருந்து திருப்பதிக்கு, சித்தி வீட்டுக்கு வந்தவள் அவள்.

சித்தி மகன் சுனில் கண்ணாடி முன் நின்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தான். சவுரி, பூ, கை நிறைய வளையல். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஆண்பிள்ளைகளும் பெண் வேஷம் கட்டுவது அங்கே வழக்கம்.

"அதப் போட்டுக்கினு தெருவுல வர வெக்கமா?" என்றான்.

"நீ முதல்ல உன் கொசுவத்தப் பாரு. அவுந்துகினு இருக்குது!"

பிறந்தபோது ஸ்வர்ணாவின் மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. குழந்தையிலேயே அறுவை சிகிச்சை செய்து சேர்த்துவிட்டார்கள். ஆனால் மேல்தாடை மட்டும் சரியாக வளராமல் பின்தங்கிவிட்டது. அதை முன்னால் இழுக்கத்தான் அவள் முகத்தில் மாட்டியிருந்த இந்தக் கருவி. நெற்றியில் ஒரு பட்டை, முகவாயில் ஒரு பட்டை, நடுவில் கம்பி. வாய்க்குள் மாட்டிய கொக்கிகளிலிருந்து கம்பிக்கு இரண்டு ரப்பர் வளையங்கள்.

போன முறை டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தாடை நகரவே இல்லையே கண்ணு. யாராவது வந்தா கழட்டிடறியா?" என்றார். ஸ்வர்ணா தலையைக் குனிந்துகொண்டாள். "எலும்பு வளர்ற வயசு இது. இப்போ இழுத்தாத்தான் வரும். அப்புறம் நாம கூப்பிட்டாலும் வராது."

அன்றிலிருந்து வீட்டில் கழற்றுவதில்லை. ஆனால் தெருவில்?

"கொஞ்ச நேரம் கழட்டி வச்சுட்டு வாம்மா," என்றாள் சித்தி.

ஸ்வர்ணா யோசித்தாள். "வேணாம் சித்தி, போட்டுக்கினே வரேன். ஊரே வேஷத்துல நிக்குது. என்னை யாரு பார்க்கப் போறாங்க?"

எல்லாரும் பார்த்தார்கள்!

"இது இன்னா வேஷம்? புதுசா கீதே!" என்றான், உடம்பெல்லாம் கரி பூசிய ஒருவன்.

"ராக்கெட்டுல போற வேஷம்!" என்று சுனில் அளந்துவிட்டான். ஸ்வர்ணா மறுக்கவில்லை. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், நல்லதுதான்!

பலூன் கடையருகே ஒரு பெண், இடுப்பில் குழந்தையுடன் நின்றுவிட்டாள். குழந்தையின் மேலுதட்டில் மெல்லிய கோடு. அந்தக் கோடு ஸ்வர்ணாவுக்குத் தெரியும். அவளுக்கும் உண்டு.

"அது... வேஷமாம்மா?" என்று அந்தப் பெண் தயங்கிக் கேட்டாள்.

"ஆமா, ராக்..." என்று ஆரம்பித்த சுனிலை ஸ்வர்ணா கிள்ளினாள்.

"வேஷம் இல்லைக்கா. என் மேல்தாடைய முன்னால இழுக்கறதுக்கு."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "எங்க பத்மாவதிக்கும் ஏழெட்டு வயசுல இதப் போடணும்னு படம் காட்டினாங்க. பார்த்ததுலேருந்து எனக்குச் சோறு இறங்கலை. வலிக்குமா?"

"மொதல்ல இழுக்கும். அப்புறம் பழகிடும். துன்றப்போ கழட்டிக்கலாம்."

"வெளியிலகூடப் போட்டுக்கினு வரியே! வெக்கமா இல்லையா?"

"இருந்துச்சு. இன்னைக்குத்தான் மொதல் தடவையா வெளியில வரேன்," என்று ஸ்வர்ணா உள்ளதைச் சொன்னாள்.

பத்மாவதி எட்டி, ரப்பரை ஒரு விரலால் மெல்லத் தொட்டாள். "எனக்கும் வேணும்!"

"அது உனக்கு இப்போ வேணாம்டி!"

"இப்பவே வேணும்!" குழந்தை காலை உதைத்து அழுதது. பலூனைக் காட்டியும் அடங்கவில்லை. அவள் அம்மாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

திரும்பும் வழியில் சுனில் சொன்னான்: "இந்தப் புடவைய ஒரு மணி நேரம் என்னால தாங்க முடியலை. நீ தினம் ராவெல்லாம் அதப் போட்டுக்கினு தூங்கறே. பெரிய ஆளுதான் நீ!"

ஜாத்திரை முடிந்த மறுநாள் திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் போனார்கள். யார் முகத்திலும் கரி இல்லை, சாயம் இல்லை. ஸ்வர்ணா மட்டும் கருவியோடு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே இருந்த அம்மாள் உற்றுப் பார்த்து, "இதேமிட்டம்மா?" என்று, இது என்னவென்று தெலுங்கில் கேட்டார்.

ஸ்வர்ணா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்றேன். நீங்க எங்கே இறங்கணும்? இது கொஞ்சம் பெரிய கதை."