ஜன்னலில் தெரிந்த வட்டம்

சின்ன வட்டம் ஒன்று அவள் மடிக்கணினித் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது... வெளியே விடியாத காலை. கண்ணாடியில் மழை.

பின்லாந்தின் ஸெய்னாயோக்கியில் ரயிலேறியவள் ஸைமி. தாம்பெரே வருவதற்குள் தன் நிரலில் ஒரு கோளாறைச் சரிசெய்தாக வேண்டும். இறங்கியதும் வேலை கொடுப்பவரிடம் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். ஒரு வரி மாற்றினால் போதும், நிரல் எழுதும் எடிட்டர் மொத்த ப்ராஜெக்டையும் முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்துவிடுகிறது.

அந்த ஊர் ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் யாரும் பேசுவதில்லை. எதிரே இருந்தவன் பேசிவிட்டான்.

"மன்னிக்கணும்... ஏறினதுலேர்ந்து அது சுத்துது."

"என் திரையை எதுக்குப் பார்க்கிறீங்க?"

"நான் ஜன்னலைத்தான் பார்க்கிறேன். அது அங்க தெரியுது."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எனக்கும் இதே பொழப்புதான். பேரு யால்மரி. நெட்லேர்ந்து இறக்கின லைப்ரரி, கம்ப்யூட்டர் தானா உண்டாக்கின ஃபைல்... அந்த ஃபோல்டரையெல்லாம் பார்க்காதேன்னு எடிட்டர்கிட்ட சொல்லி விலக்கி வெச்சிடுங்க. நீங்க தொடாததை அது ஏன் தடவைக்குத் தடவை போய்ப் பார்க்கணும்?"

"தெரியும்," என்றாள். தெரியாது.

வீம்பில் கண்ணில் பட்டதையெல்லாம் விலக்கினாள். வட்டம் சட்டென்று நின்றது. அட... ஆனால் திருத்த வேண்டிய பக்கத்தைத் தேடினால், அப்படி ஒன்றே இல்லை என்றது எடிட்டர். அவனிடம் கேட்பதா... வேறு வழி?

"என் பக்கம் அழிஞ்சு போச்சா?"

அவன் எட்டிப் பார்த்தான். "நீங்க எழுதின ஃபோல்டரையும் சேர்த்துல்ல விலக்கியிருக்கீங்க. அழியலை. பார்க்காதேன்னீங்க, பார்க்கலை. நம்ம ஊர்க்காரன் மாதிரி ரொம்ப ஒழுங்கு."

அந்த ஒன்றை மட்டும் திரும்பச் சேர்த்தாள். பக்கம் வந்தது. கோளாறு அகப்பட்டது... இரண்டே வரிதான். ஓட்டிப் பார்த்தாள். ஓடியது.

தாம்பெரே வருகிறது என்று அறிவித்தார்கள். கோட்டை மாட்டினாள். ஆனாலும் ஒன்று தெரிந்துகொள்ளாமல் இறங்க மனம் வரவில்லை.

"ஜன்னல்ல... திரை மட்டும்தான் தெரிஞ்சுதா?"

அவன் காது சிவந்தது. காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"போன வாரமும் நீங்க இதே ரயில்ல வந்தீங்க. பேசலை. பார்க்கக்கூடாதுன்னு உங்க முகத்தை விலக்கி வெச்சேன்..." ஜன்னல் பக்கம் திரும்பினான். "அழியலை."

ரயில் வேகம் குறைந்தது. மழைக் கண்ணாடியில் இரண்டு முகங்களும் ஒன்றாய்த் தெரிந்தன. ஸைமி கண்ணாடியை விட்டு முதல்முறையாக நேராய் அவனைப் பார்த்தாள். சாம்பல் கண்கள்... இவ்வளவு நேரம் ஜன்னலில் நிறம் தெரியவில்லை.

"போன வாரம் நீ பச்சைத் தொப்பி போட்டிருந்தே," என்றாள்.

அவன் பயணச்சீட்டு தாம்பெரே தாண்டி ஹெல்சிங்கி வரைக்கும். கோட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினான்.