நாலு விரல்கடை தள்ளி ஒரு கொலை

டெலிபோன் அலறியது.

அவள் எடுக்கவில்லை.

எடுக்க முடியாது. இடுக்கியின் முனையில் ஐம்பது வருஷத்துப் பழைய கண்ணாடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் பூஞ்சை. கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலே போதும், தரையில் விழுந்து தூளாகிவிடும்.

மணி நின்றது.

மறுபடி அலறியது!

கண்ணாடியைத் துணியின் மேல் படுக்க வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"லென்ஸ் ரிப்பேர் பண்ற அம்மாதானே?"

"ஆமா. என்ன லென்ஸு?"

"நான் இன்ஸ்பெக்டர். பழைய கேமரா விக்கிறாரே, அந்தக் கடைக்காரரை உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ஏன், எதையாவது ஏமாத்தி வித்துட்டாரா?"

"இனிமே அவர் எதையும் விக்க மாட்டார். நேத்து மத்தியானம் கடையிலேயே... ட்ரைபாடால பின்மண்டையில ஒரே அடி!"

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"அரை மணியில வர்றேன். உங்ககிட்ட சில ஃபோட்டோவைக் காட்டணும். வீட்டுலயே இருங்க."

வைத்துவிட்டார்.

சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பி தலையைத் தூக்கினான். நேற்று சாயங்காலம் வந்தவன். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "சும்மாதாங்க்கா" என்றவன். ராத்திரி சாப்பிடாதவன்.

"யாருக்கா?"

"போலீஸ்டா! கேமரா கடைக்காரரை யாரோ கொன்னுட்டாங்களாம்!"

"ஓ."

அவ்வளவுதான். ஒரே எழுத்து.

"என்னடா 'ஓ'? வாரத்துல நாலு நாள் அந்தக் கடையிலேயே பழியாக் கிடப்பே. அந்த மனுஷன் செத்துட்டார்ங்கறேன்..."

"தலைவலிக்கா. இருட்டு ரூம்ல படுத்துக்கறேன். நான் இங்கே இருக்கறதைச் சொல்லாதே. சும்மா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

பிலிம் கழுவும் சின்ன அறைக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டான்.

அவள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஒன்றை நினைக்க வேண்டும் போலிருந்தது. அதை நினைக்கக் கூடாது என்றும் இருந்தது. இருபது வருஷமாக அவளுக்கு இது பழக்கம். அவன் விஷயத்தில் மட்டும் அவள் உற்றுப் பார்க்க மாட்டாள்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார். பருத்த உடம்பு, சின்னக் கண்கள். கூடவே ஒரு கான்ஸ்டபிள். மேஜை மேல் கழற்றிக் கிடந்த லென்ஸ்களைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தொட்டா உடையுமா?"

"உடையாது. ஆனா நான் திட்டுவேன்."

"வீட்டுலயும் இதே சட்டம்தான்!" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். கவரிலிருந்து ஆறு படங்களை எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

ஆறிலும் கடைக்காரர்.

உயிரோடு!

"கடை கேமராவுல இருந்த ரோல். கழுவச் சொன்னோம். எல்லாம் நேத்து எடுத்தது. ஆனா கேமராவுல லென்ஸ் இல்லை. கழட்டி எடுத்துட்டுப் போயிருக்கான். அம்மா, பிலிமை விட்டுட்டு லென்ஸை மட்டும் தூக்கிட்டு ஓடற திருடனை நான் இப்பத்தான் பாக்கறேன்."

"அவனுக்கு அதுதான் வேணும்" என்றாள். சொன்ன பிறகுதான், ஏன் சொன்னோம் என்றிருந்தது.

"யாரைப் பிடிச்சிருக்கோம் தெரியுமா? பல்லு டாக்டரை!"

"டாக்டரையா? அவர் ஊசி போடறப்ப அவரே கண்ணை மூடிக்குவாரே!"

"பயந்த ஆளுங்கதாம்மா பின்னாலேர்ந்து அடிப்பாங்க. பதினோரு மணிக்கு உள்ளே போனதைப் பார்த்த சாட்சி இருக்கு. அவர் என்ன சொல்றார்னா... அந்த லென்ஸை வாங்கலாம்னு போனாராம். பரீட்சை பண்ண மூணு படம் எடுத்தாராம். யோசிச்சுச் சொல்றேன்னு வெச்சுட்டு வந்துட்டாராம்."

"சரி..."

"ரோல்ல மூணு இல்லையே! ஆறு இருக்கே!"

இன்ஸ்பெக்டர் பின் மூன்று படங்களின் மேல் விரலால் தட்டினார்.

"இந்த மூணையும் எடுத்தவன்தான் கொலைகாரன். எடுத்த கையோட அடிச்சிருக்கான். டாக்டர் அழுதுக்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். 'லென்ஸ் ரிப்பேர் பண்ற அம்மாகிட்ட காட்டுங்க சார். படத்தைப் பார்த்தே யார் கைன்னு சொல்லிடுவாங்க. அவங்க என்னைக் காப்பாத்திடுவாங்க'ன்னார். அதான் வந்தேன். சொல்லுங்க. ஆறும் ஒரே கையா? ரெண்டு கையா?"

அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தாள்.

முதல் படம். கடைக்காரரின் முகம் பனிமூட்டத்தில் இருப்பது போல் இருந்தது. கண் மங்கல். மூக்கு மங்கல். ஆனால் காது... காதோர முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக!

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

அவளுக்கு எந்த லென்ஸ் என்று தெரிந்துவிட்டது.

அதன் வாய் திறக்கும் அளவு ஒன்று புள்ளி ஒன்று! இருட்டு அறையில் ஒரு தீக்குச்சி வெளிச்சம் போதும் அதற்கு. முழுசாகத் திறந்தால் முகத்தில் ஒரு நூல் அளவுதான் தெளிவாக விழும். மீதியெல்லாம் கரைந்துவிடும். அந்த நூலைக் கண்ணில் நிறுத்துவதற்காகத்தான் இந்தக் கேமராப் பைத்தியங்கள் ஊர் ஊராக அலைகின்றன.

ஆனால் இந்த லென்ஸில் ஒரு கோளாறு.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. பக்கத்திலிருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். அந்த ஜன்னலை நம்பித்தான் ஆக வேண்டும்.

இந்த லென்ஸ் அந்த ஜன்னலைப் பொய்யாக்கும். கண்ணில் இரண்டையும் ஒன்று சேர்த்தால், தெளிவு நாலு விரல்கடை பின்னால் தள்ளிக் காதில் போய் விழும்.

கண்டுபிடித்தவள் அவள்தான். தம்பி இதை வாங்கி வந்த அன்றே.

"சரி பண்ணித் தர்றேண்டா" என்றாள் அன்று.

"வேண்டாங்க்கா. இப்படியே இருக்கட்டும். வேற எவன் கையிலயும் இது படியக் கூடாது."

ஒரு மாசம் பழகினான். கண்ணில் ஃபோகஸ் வைப்பான். மூச்சை விட்டுக்கொண்டே உடம்பை நாலு விரல்கடை பின்னால் சாய்ப்பான். அந்த இடத்தில் பட்டனை அழுத்துவான். நூறு படம் எடுத்தால் நூறிலும் கண் விழும்.

போன வாரம் வேறு ஏதோ லென்ஸுக்கு ஆசைப்பட்டு இதைக் கடைக்காரரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டான். இரண்டே நாள். பைத்தியம் பிடித்தவன் போல் ஆகிவிட்டான். "திருப்பிக் குடுக்க மாட்டேங்கறான்க்கா... கெஞ்சினா சிரிக்கறான்க்கா..."

அவள் நாலாவது படத்துக்கு நகர்ந்தாள்.

கண்!

இமை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

தற்செயலாக இருக்கும்... டாக்டர் கை நடுங்கும். நடுங்கினதில் உடம்பு பின்னால் போயிருக்கும். அப்படித்தான் இருக்கும்.

ஐந்தாவது.

கண்!

கடவுளே, இது வேண்டாம்.

ஆறாவது படத்தில் கடைக்காரர் உள்ளங்கையை முன்னால் நீட்டியிருந்தார். போதும், வெளியே போ என்கிற மாதிரி. விரல்கள் புகையாகக் கரைந்திருந்தன. விரல்களுக்குப் பின்னால் இரண்டு கண்கள். ஊசி முனை போல... கோபத்தோடு...

ஒரு தடவை என்றால் தற்செயல். மூன்று தடவை?

உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் அந்த நாலு விரல்கடை தெரியும். ஒருத்தி இங்கே குனிந்துகொண்டிருக்கிறாள். இன்னொருவன் திரைக்குப் பின்னால் படுத்திருக்கிறான்.

"என்னம்மா, ரொம்ப நேரமாப் பாக்கறீங்க?"

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகத்தைக் காட்ட வேண்டும்.

உண்மையைச் சொன்னால் டாக்டர் வீட்டுக்குப் போவார். அவருக்கு இரண்டு பெண்கள். போன வருஷம் அவளுடைய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது, 'வலிச்சா என் கையைக் கடிச்சுடுங்க' என்ற மனுஷன். 'அவங்க என்னைக் காப்பாத்திடுவாங்க.'

உண்மையைச் சொன்னால் தம்பி போய்விடுவான்.

இத்தனை வருஷமாகக் கண்ணாடியில் இருக்கும் தூசைப் பார்த்துச் சொல்லித்தான் அவள் பிழைத்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே நம்பியது. அந்த நம்பிக்கையை இப்போது ஒரே ஒரு தடவை விற்கப் போகிறாள். வாங்குகிறவனுக்கு அதன் விலைகூடத் தெரியாது.

உள்ளே ஏதோ ஒன்று நிதானமாகக் கழன்று விழுந்தது. சத்தமே இல்லை.

"ஒரே கைதான்" என்றாள்.

"நிச்சயமா?"

"ஆறும் ஒரே ஆள் எடுத்ததுதான்."

"பின்னே முதல் மூணு மங்கலா இருக்கே?"

"புது லென்ஸ் இல்லையா. மூணு எடுத்தப்புறம் கை பழகியிருக்கும்."

குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப டாக்டர் கதை முடிஞ்சுது!" இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினார். "எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்கம்மா."

எழுதினாள். போட்டாள். கான்ஸ்டபிள் மடித்து வைத்துக்கொண்டார்.

இன்னும் ஒரு நிமிஷம். அவர்கள் வாசலைத் தாண்டினால் போதும். அப்புறம் செத்த மாதிரி வாழ்ந்துகொள்ளலாம்.

இன்ஸ்பெக்டர் படங்களை அள்ளினார். கடைசிப் படத்தை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எனக்குக் கேமரா ஆனா ஆவன்னா தெரியாதும்மா. ஆனா இதைப் பாருங்க. என்னமா எடுத்திருக்கார்! பல்லு பிடுங்கற ஆளுக்குள்ள இப்படி ஒரு கலைஞனா!"

"கிளம்பறீங்களா..."

"நாளைக்குப் பேப்பர்ல வருது. முதல் பக்கம். கீழே டாக்டர் பேரைப் போட்டு..."

சரக்!

திரை விலகியது.

"யார் பேரை?"

தம்பி நின்றுகொண்டிருந்தான்.

அவள் குறுக்கே போய் நின்றாள். "டேய்... உள்ளே போய்ப் படு. காய்ச்சல் சார் இவனுக்கு, என்ன பேசறோம்னு..."

"யார் பேரைப் போடப் போறாங்க சார்?"

"பல்லு டாக்டர் பேரை. ஆமா, நீங்க யாரு தம்பி?"

"அந்த ஆளா!" அவன் சிரித்தான். அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. "அவர் எடுத்ததெல்லாம் காதா இருக்கும் சார்! பாருங்க, முதல் மூணும் காது! ஒண்ணு புள்ளி ஒண்ணுல கண்ணைப் பிடிக்க அவர் ஏழு ஜென்மம் எடுக்கணும்!"

"டேய், வாயை மூடுடா!"

"நீயே எப்படிக்கா சொன்னே, ஒரே கைன்னு? நீ பார்த்தேல்ல? உனக்குத் தெரியாதா? யார் வேணா சொல்லட்டும்... நீ சொல்லலாமா?"

அவன் கண் நிறைந்திருந்தது. போலீசைப் பார்த்தல்ல. அவளைப் பார்த்து.



இன்ஸ்பெக்டர் மெதுவாக உட்கார்ந்தார். குரல் ரொம்ப மிருதுவாக வந்தது.

"கண்ணை எப்படிப் பிடிக்கணும் தம்பி?"

"சார், வேண்டாம்..." என்றாள் அவள்.

தம்பி கைகளைக் கேமரா போல் முகத்துக்கு முன் வைத்துக்கொண்டான். "இப்படி வெச்சு... மூச்சை விட்டு... நாலு விரல்கடை பின்னால..." சாய்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். "கடைசியில அவன் கையை நீட்டினான் சார். கடையை விட்டுப் போடான்னான். விரல் மேல ஃபோகஸ் போயிடக் கூடாதேன்னு எனக்கு ஒரே பயம்... வந்திருக்கா சார்? அதுல கண்ணு வந்திருக்கா?"

"கையை நீட்டினதை நான் உனக்குச் சொல்லவே இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் காதில் அது விழவில்லை.

இன்ஸ்பெக்டர் படத்தை நீட்டினார். தம்பி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். பிறந்த குழந்தையை வாங்குவது போல்.

பார்த்தான்.

நேற்றிலிருந்து முதல் தடவையாக அவன் முகம் தெளிந்தது.

"வந்திருக்குக்கா!"

பொய்யை விற்றாகிவிட்டது. உண்மையை அவனே இலவசமாகக் கொடுத்துவிட்டான். இரண்டும் போன பிறகு, மேஜை மேல் பூஞ்சைக் கண்ணாடிகள் மட்டும் கிடந்தன.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளின் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். அவள் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அழகான கையெழுத்து. நீங்களும் செருப்பை மாட்டிக்கங்கம்மா. போலீசுக்குப் பொய் எழுதிக் குடுத்தா தனிக் கேஸ்."

"தெரியும்" என்றாள்.

தம்பி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. விலங்கு மாட்டும்போதுகூட, கசங்கிவிடப் போகிறதே என்று படத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் செல்லை எடுத்து ஸ்டேஷனுக்குப் போட்டார்.

"யோவ்! அந்தப் பல்லு டாக்டரை வீட்டுக்கு அனுப்பு... ஆமாய்யா, நிரபராதிதான்... என்ன ஆதாரமா? அந்த மனுஷனுக்கு ஃபோட்டோவே எடுக்கத் தெரியலைய்யா!"