நெடும்பாழிச் சுனை

மேற்குமலை முகடுகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலைப்பொழுதில், வேங்கை நாட்டின் நடுவே ஓடும் வெள்வரியாறு உருக்கி வார்த்த செம்பைப்போல் ஒளிர்ந்து கிடந்தது. ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு குன்றுகள், பகைகொண்ட உடன்பிறப்புகள் முகம் பார்த்து நிற்பதைப்போல் எதிரெதிரே நின்றன. கீழ்க்கரைக் குன்றின்மேல் மதிலும் அகழியும் வேங்கைக் கொடியுமாகக் கூர்மலைக் கோட்டை விளங்கியது. மேல்கரைக் குன்றிலோ மதிலும் இல்லை, கொடியும் இல்லை. பாறையின் நெற்றியில் வரிசையாகக் குடைந்த குகைகள் மட்டுமே தெரிந்தன. அதுதான் நெடும்பாழிக் குன்று. அருகன் அடிபோற்றும் துறவியர் கல்லையே படுக்கையாகவும் தலையணையாகவும் செதுக்கிக்கொண்டு, யாருக்கும் தீங்கு நினையாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த புண்ணிய பூமி.

அன்பார்ந்த வாசகர்களே! கோட்டையின் மேல்மாடத்தில் விருந்து நடக்கிறது. நாமும் அங்கே சென்று ஓர் ஓரமாக அமர்வோம். அங்கு பேசப்படவிருக்கும் சில சொற்கள் ஒரு குன்றையே கொல்லப்போகின்றன.

வேங்கை நாட்டை ஆண்ட கருந்திறல் வேள், விருந்தினனுக்காகத் தன் கையாலேயே பலாச்சுளைகளை உரித்து இலையில் வைத்துக்கொண்டிருந்தான். பெருத்த தோளும் மெல்லிய குரலும் உடையவன் அவன். உடன்பிறந்த அண்ணனை வேட்டைக்காட்டில் கொன்று அரியணை ஏறியவன் என்று நாடே முணுமுணுத்தது. எதிரே அமர்ந்திருந்த இளைஞன் சீலநந்தன் கடல் கடந்து கடாரத்திலிருந்து வந்தவன்; கப்பல் வணிகர் குலத்தில் பிறந்தவன்; புத்தர்பெருமானைச் சரணடைந்தவன். ஆயினும் எந்தச் சமயத்தின் திருவிடமாக இருந்தாலும், பழமையான கல் ஒன்று எங்கேனும் நிற்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், அதைக் கண்ணால் காணாமல் அவனுக்கு உறக்கம் வராது. தமிழ்நாட்டின் தொன்மைகளைக் காணவே அவன் ஊர் ஊராக நடந்தான். காட்டுக்குள் மறைந்த கொற்றவைக் கோட்டத்தையும், கடற்கரையில் சிதைந்து கிடந்த விகாரையையும், பாறையைக் குடைந்தெடுத்த சிவாலயத்தையும் கண்டு கண்ணீர் மல்கியிருக்கிறான்.

"நெடும்பாழியில் பல நாள் தங்கிவிட்டீரே, யாத்திரிகரே! அங்கே கல்லைத் தவிர என்ன இருக்கிறது?" என்று வேள் நகைத்தான்.

"அப்படிச் சொல்லலாமா, அரசே! அந்தக் கல்லில் எழுத்திருக்கிறது. விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்றை வரைந்திருக்கிறார்கள். மீன்கள் உண்மையிலேயே துள்ளுகின்றனவோ என்று நினைத்தேன். எயினி என்றொரு மாணாக்கி விளக்கேந்தி வந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள்." அந்தப் பெயரைச் சொன்னபோது இளைஞனின் முகம் சிவந்ததை வேள் பார்த்துக்கொண்டான். சீலநந்தன் உற்சாகம் மேலிடத் தொடர்ந்தான்: "எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் எது தெரியுமா? கடைசிக் குகையின் உட்புறத்தில், விரல் நுழையும் அளவே ஆன பிளவிலிருந்து ஒரு சுனை ஊறுகிறது. கோடையிலும் வற்றாதாம். பின்மலைக் காட்டில் எருமைக்குட்டை என்று ஒரு நீர்நிலை இருக்கிறதாமே, அதிலிருந்து பாறைக்குள்ளேயே வழி கண்டு வருகிறதாம்! முன்னோர் எப்படித்தான் அதைக் கண்டறிந்தார்களோ!"

பலாச்சுளையை உரித்துக்கொண்டிருந்த வேளின் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"எருமைக்குட்டையா?" என்றான் அவன், மிக மெல்லிய குரலில். "என் நாட்டில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே! இன்னும் சில சுளைகள் எடுத்துக்கொள்ளும், யாத்திரிகரே. நீர் இன்று எனக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறீர்."

மறுநாள் காலை மண்வெட்டி தாங்கிய ஒரு கூட்டம் பின்மலைக் காட்டை நோக்கிப் போவதை மேல்மாடத்திலிருந்து கண்ட சீலநந்தனுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. சில நாட்கள் கழித்துக் குன்றிலிருந்து முதலில் குரங்குகள் இறங்கின. பிறகு மயில்கள் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்குப் பறந்து வந்தன. அதன் பின்னரே குடம் தாங்கிய வெள்ளாடைப் பெண்கள் தட்டுத்தடுமாறிக் கீழே வந்தார்கள். அடிவாரத்தில் நின்ற வீரர்கள் அவர்கள்மேல் அம்பு எய்யவில்லை, வாள் ஓங்கவில்லை. அவர்கள் நீர் மொண்டு கரையேறும்வரை காத்திருந்து, குடங்களை வாங்கிக் கல்லில் போட்டு உடைத்துவிட்டு, வெறுங்கையோடு மேலே அனுப்பிவைத்தார்கள்.

சீலநந்தன் பதறியடித்துக்கொண்டு வேளிடம் ஓடினான்.

"அமரும்," என்றான் கருந்திறல் வேள். "என் அண்ணன் மகள் அமரநங்கை அந்தக் குன்றில்தான் ஒளிந்திருக்கிறாள். குழந்தையாக இருந்தபோது பார்த்தது. இப்போது எதிரில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அவள் உயிரோடிருக்கும்வரை இந்த அரியணை எனக்குச் சொந்தமில்லை. முன்பும் ஒருமுறை குன்றை வளைத்துக்கொண்டு காத்திருந்தேன். தாகத்தால் இறங்கிவருவார்கள் என்று நினைத்தேன், வரவில்லை. ஏன் என்று விளங்காமலே இருந்தது. என் வீரர்களோ அந்தக் குன்றின்மேல் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். அவர்கள் தாய்மாருக்கு எழுத்தறிவித்ததும் மருந்து கொடுத்ததும் அந்தத் துறவியர்தாமாம். அதனால் என்ன? மண்வெட்டி ஆயுதமில்லை. குடத்தை உடைப்பதும் போரில்லை."

"அரசே! அவர்கள் செத்துப்போவார்களே!"

"உண்ணாமல் பருகாமல் வடக்கிருந்து உயிர்விடுவது பெரும்பேறு என்பதுதானே அவர்கள் சமயம்? நான் அந்தப் பேற்றைக் கொஞ்சம் விரைவாக அளிக்கிறேன்."

சீலநந்தன் அவன் கால்களைப் பற்றிக்கொண்டான். "என் நாக்கை அறுத்துப்போடுங்கள்! அவர்களை விட்டுவிடுங்கள்!"

"உமது நாக்கு எனக்கு வேண்டும், யாத்திரிகரே. பொய் சொல்லத் தெரியாத நாக்கு அது. அதற்காகத்தான் உமக்கு விருந்திட்டேன்." வேள் குனிந்து அவனை எழுப்பினான். "ஒரு குடம் நீர் தருகிறேன். மேலே போம். அமரநங்கையை உயிருடனோ பிணமாகவோ கொண்டுவந்து என் முன் வையும். அன்றே வெட்டி வடித்த எருமைக்குட்டையின் கரையைப் பழையபடி கட்டித் தருவேன். மற்றவர்கள் எல்லையைக் கடந்து எங்கு வேண்டுமானாலும் போகட்டும்."

குடத்தைத் தோளில் சுமந்து சீலநந்தன் குன்றேறினான். படிகள் ஒவ்வொன்றிலும் எயினியின் நினைவு வந்து நின்றது. அந்தச் சுனையைக் காட்டியபோது, "கையை வையுங்கள், எவ்வளவு குளிர்ச்சி பாருங்கள்!" என்று அவன் கையைப் பற்றிப் பிளவில் வைத்தாளே! பிறகு மாணாக்கியர் ஆடவரைத் தொடலாகாது என்பது நினைவுக்கு வந்து, நாணி விலகி நின்றாளே! இதை யாரிடமும் சொல்லாதீர் என்று அவள் கேட்கவில்லை. வழிபட வந்த ஒருவனிடம் அப்படிக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

குகைக்குள் பேச்சு மூச்சில்லை. கற்படுக்கைகளில் சிலர் கிடந்தார்கள். சிலருடைய முகத்தை ஆடையால் மூடியிருந்தார்கள். அந்தத் துறவியர் பள்ளியின் தலைவியான குணமதிக் குரத்தியார், முதுமையால் வளைந்த உடலைச் சுவரில் சாய்த்து வடக்கு நோக்கி அமர்ந்திருந்தார். தலை மழித்த ஓர் இளந்துறவி, மயிற்பீலியால் அவருக்கு மெல்ல விசிறிக்கொண்டிருந்தாள். மோன விரதம் பூண்டவள். சீலநந்தன் தங்கியிருந்த நாட்களிலெல்லாம் ஒரு சொல்லும் பேசாதவள். அவள் குடத்தை வாங்கி, ஒவ்வொருவர் வாயிலும் சிறிது சிறிதாக நீர் வார்த்துக்கொண்டே போனாள்.

எயினி ஓரத்துப் படுக்கையில் கிடந்தாள். சீலநந்தன் அவள் தலையை மடியில் தூக்கி வைத்து நீர் வார்த்தான். தொண்டைக்குள் இறங்காமல் அது கடைவாய் வழியே வழிந்தது.

"சுனையைப் பற்றி வேளிடம் சொன்னது... நீர்தாமா?" உதடுகள் வெடித்திருந்ததால் சொற்கள் உடைந்து வந்தன.

"ஆம்," என்றான் அவன்.

அவள் வெகுநேரம் விதானத்துத் தாமரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேள் என்ன கேட்கிறான்?"

அவன் அழுதுகொண்டே கூறினான்.

"அப்படியானால் என்னைக் கொண்டு போம். நான் இன்று மாலைக்குள் போய்விடுவேன். நான்தான் அமரநங்கை என்று சொல்லும்."

"எயினி! என்னால் எப்படி முடியும்?"

"உண்மையைச் சொல்லி இத்தனை பேரைக் கொன்றீர்," என்றாள் எயினி. அவள் குரலில் கோபமில்லை. அதுதான் அவன் நெஞ்சைப் பிளந்தது. "ஒரு பொய் சொல்லி மிச்சப்பேரைக் காப்பாற்றும்."

அவள் சொன்னபடியே, வெயில் சாயுமுன் உயிர் பிரிந்தது. அந்த உடலைக் கைகளில் ஏந்திக்கொண்டு எழுந்த சீலநந்தன் குரத்தியாரை நோக்கி, "அம்மையே, உண்மையான அமரநங்கை இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டான்.

குரத்தியார் கண் திறந்தார். "இருக்கிறாள். யார் என்று உமக்குச் சொல்லமாட்டேன், மகனே. உமக்குத் தெரிந்ததெல்லாம் உம் நாக்குக்கும் தெரிந்துவிடும்."

கோட்டை வாயிலில் கருந்திறல் வேள் காத்திருந்தான். அந்தி வானம் குருதி பாய்ந்தாற்போல் இருந்தது. சீலநந்தன் எயினியைத் தரையில் கிடத்தினான்.

"இவள்தான் உங்கள் அண்ணன் மகள், அரசே."

வேள் குனிந்து முகத்தை உற்றுப் பார்த்தான். "அழகிதான். சரி, விருந்தில் சொன்னீரே, எயினி என்றொரு மாணாக்கி. அவள் என்ன ஆனாள்?"

"உயிரோடு இருக்கிறாள். தண்ணீருக்காகக் காத்திருக்கிறாள்."

"ஆணையிட்டுச் சொல்வீரா?"

சரணடைந்த நாள் முதல் சீலநந்தன் பொய்யுரைத்ததில்லை. பிற உயிரைக் கொல்லாமை எவ்வளவு புனிதமோ, பொய்யாமையும் அவனுக்கு அவ்வளவு புனிதம். அவன் கைகூப்பித் தெளிவான குரலில் சொன்னான்: "புத்தர்பெருமான் திருவடிமேல் ஆணை. இவள் அமரநங்கை. எனக்கு எவ்வகையிலும் உறவில்லாதவள்."

வேள் தலையசைத்தான். பக்கத்தில் நின்ற வீரன் வாளை உருவினான். வேளின் பார்வையோ உடல்மேல் இல்லை. இமைக்காமல் யாத்திரிகனின் முகத்தின்மேலேயே இருந்தது. வாள் இறங்கியது. சீலநந்தன் கண்ணை மூடவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து வாயில் உப்புக் கரித்தது. அதை விழுங்கிவிட்டு, "குட்டையின் கரையை எப்போது கட்டுவீர்கள், அரசே?" என்று கேட்டான்.

"இப்போதே!" என்று வேள் வாய்விட்டுச் சிரித்தான். "தலையை வாயில் தோரணத்தில் கட்டுங்கள். அரசமகள் வந்திருக்கிறாள் என்று ஊரார் கண்டு களிக்கட்டும்."

வேள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பயம் தீர்ந்தவனுக்கு அது எளிது. ஆனால் குன்றில் மீண்டும் நீர் ஊறியபோது குணமதிக் குரத்தியார் உயிரோடில்லை. பிழைத்தவர்கள் ஒரு சிறு கூட்டம். அவர்களை எல்லைவரை வழியனுப்ப வேளிடம் அனுமதி பெற்றுச் சீலநந்தன் உடன் நடந்தான். வழியில் அவனிடம் யாரும் பேசவில்லை. நாட்டின் எல்லையில் ஓடும் வேறோர் ஆற்றின் துறையில், மற்றவர்கள் பரிசலில் ஏறிய பின், மோன விரதம் பூண்ட அந்த இளந்துறவி மட்டும் கரையில் நின்றாள்.

"யாத்திரிகரே," என்றாள்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். எத்தனையோ ஆண்டுகள் பயன்படாத அந்தக் குரலில் துரு ஏறியிருந்தது. ஆயினும் அது ஆணையிடப் பிறந்த குரல்.

"நான்தான் அமரநங்கை. எனக்காகச் செத்தவளின் தலை என் பெயரைத் தாங்கிக்கொண்டு தொங்குகிறது. நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் தலை தப்பியிருக்கும்; பேச விடாமல் குரத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்."

சிற்றுயிரும் மிதிபடாமல் வழியைப் பெருக்குவதற்கென்று அருகத் துறவியர் என்றும் கைவிடாத அந்த மயிற்பீலியை அவள் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஆற்றில் வீசினாள். "இன்றோடு என் துறவு முடிந்தது. சோழநாட்டு எல்லையில் என் தாய்மாமன் படை வைத்திருக்கிறார். ஐப்பசி மழை ஓய்ந்ததும் அந்தப் படையோடு வருவேன். என் கையாலேயே அந்தத் தலையை இறக்கி, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி எரியூட்டுவேன். இது சத்தியம்."

சீலநந்தன் அவள் முன் மண்டியிட்டான். "அம்மணி, என்னை..."

"மன்னிக்கவில்லை," என்றாள் அமரநங்கை. "கேட்காதீர்."

"கேட்கவில்லை. வேறொன்று சொல்ல வந்தேன். கோட்டைக்குள் கொற்றவை கோயில் இருக்கிறது. பழைய கோயில் காண வந்தவன் என்று எனக்காக, மதிலுக்கு வெளியே போகும் அதன் பின்கதவையும் திறந்து காட்டினார்கள். வேள் என்னை நம்புகிறான். நான் திரும்பிப் போகிறேன். உங்கள் படை மதிலடிக்கு வரும் நாளில் அந்தக் கதவு உள்ளிருந்து திறக்கும். எயினியின்மேல் ஆணை. இந்த ஆணை பொய்யில்லை."

அமரநங்கை பரிசலில் ஏறினாள். அது அக்கரை சேரும்வரை நின்று பார்த்தவன், வந்த வழியே நடந்தான். அந்தி மயங்கும் வேளையில் கூர்மலைக் கோட்டையின் வாயில் தெரிந்தது. அங்கே நின்ற வேள் இரு கைகளையும் விரித்து, "வாரும், வாரும்! இன்னும் எந்தத் திருவிடத்தைக் காண ஆசை, யாத்திரிகரே?" என்று வரவேற்றான்.

"இந்தக் கோட்டையைத்தான் இன்னும் முழுமையாகப் பார்க்கவில்லை, அரசே," என்றான் சீலநந்தன்.

புன்னகை மாறாமல், ஒருமுறையும் தலையை நிமிர்த்தி மேலே பாராமல், அவன் அந்தத் தோரணத்தின் கீழ் நடந்து உள்ளே போனான்.