மூட மறுத்த காலண்டர்

மனித குல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க நாள் 2003 ஜூலை பதினான்கு என்பதைச் சகலருக்கும் இதனால் அறிவிக்கிறோம். அன்று மாலை ஐந்தேகாலுக்கு, பெங்களூர் அல்சூரில் ஆம்ப்ரோஸின் பிரவுசிங் சென்டரில், ஒரு காலண்டர் மூட மறுத்தது.

மழைக்கு ஒதுங்கியிருந்தான் சுதீர். விசிட்டிங் கார்டில் 'சீனியர்' என்று போட்டுக்கொண்ட மென்பொருள் மேதை. பக்கத்து கம்ப்யூட்டரில் ஒரு பெண் மௌஸைப் போட்டு அடிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினான். அப்பப்பா... என்ன கண்கள்! மழைக்கால ஏரி மாதிரி... எந்த நிமிஷமும் கரை உடையலாம்.

"எந்தப் புண்ணியவான் பண்ண வெப்சைட்டோ! பிறந்த தேதிக்குக் காலண்டர் திறந்துச்சு. தேதியும் போட்டாச்சு. வெளிய எங்க கிளிக் பண்ணாலும் மூட மாட்டேங்குது. அனுப்புற பட்டனை மறைச்சுக்கிட்டு நிக்குது!"

சுதீர் எட்டிப் பார்த்தான். புண்ணியவான் அவனேதான்.

"மூலைல பெருக்கல் குறி இருக்கும்ங்க, அதை அமுக்கணும். யூசர்தான் கத்துக்கணும்..." மூன்று மாதமாக ஆபீஸில் எல்லோருக்கும் அவன் அருளிவந்த வாக்கு இது.

"எந்த மூலை?"

அந்தச் சின்னத் திரையில் அந்த மூலையே இல்லை. அவனுடைய பெரிய மானிட்டரில் மட்டும் ஜோராகத் தெரியும்.

"விண்ணப்பம் அனுப்ப ஆறு மணியோட கடைசிங்க... ஆனேக்கல்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். இந்த வேலைக்கு ஒரு வருஷமா படிக்கறேன்."

கௌரவம் ஒரு பக்கம்... அந்தக் கண்கள் ஒரு பக்கம்... கௌரவம் தோற்றது.

"பண்ணது... நான்தாங்க. ஸ்வல்ப... கொஞ்சம் இருங்க."

அவள் முறைத்த முறைப்பில் ஆம்ப்ரோஸே நாலடி தள்ளிப் போனார்.

அங்கேயே உட்கார்ந்து திருத்தி ஏற்றினான்: திரையில் எங்கே கிளிக் பண்ணினாலும் காலண்டர் மூடட்டும்!

"திரும்ப முதல்லேர்ந்து தேதி போடறப்ப வருஷத்தை மாத்தப் போனேன், அதுக்கும் மூடிக்கிச்சு! உங்க காலண்டருக்கு உள்ள எது வெளிய எதுன்னு தெரியாதா சார்?"

சாருக்கே இப்போதுதான் தெரிந்தது. கிளிக் பண்ணிய இடம் காலண்டர் பெட்டிக்குள்ளா என்று முதலில் பார், வெளியே என்றால் மட்டும் மூடு என்று இன்னொரு வரி சேர்த்தான். ஐந்து ஐம்பத்தாறுக்கு, தமயந்தி என்று பெயர் போட்ட அவள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவள் சிரித்தாள்... மழை நின்றது இருவருக்கும் தெரியவில்லை.

"உங்க போன் நம்பர்..."

"ஃபார்ம்லயே இருக்கே. உங்க சைட்தானே, பாத்துக்கறது!"

"அது வேலைக்குக் குடுத்தது. எனக்கு நீங்களா குடுக்கணும்... உங்களப் பிடிச்சிருக்கு, தமயந்தி."

அவன் உள்ளங்கையில் ஒவ்வோர் எண்ணாக எழுதினாள். கடைசி எண்ணில் பேனா தயங்கியது.

"எனக்கும்தான்..."

வேலை ஓசூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. அவர் விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார்.