திரை மூலையில் ஒரு பொட்டு

"மொத்தப் படமும் போச்சு சார்! எதைத் தொட்டாலும் பூட்டியிருக்குன்னு வருது. எல்லாம் கடையில வேலை பாக்குற அந்த நாசர் பய வேலை!"

திண்டுக்கல்லில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் முத்துக்கிருஷ்ணன், கணினித் துப்பறிவாளர் சேதுபதியின் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கொட்டித் தீர்த்தார். அதிலும் தாடிக்கொம்பு அறிவுச்செல்வியின் கல்யாணப் படங்கள் இன்னும் ஆல்பம் ஆகவில்லை. கேமரா கார்டை அழித்து வேறு கல்யாணமும் எடுத்தாகிவிட்டது. அவளைத் தாரை வார்த்துக் கொடுத்த அப்பா மூக்கையா மறுவாரமே மாரடைப்பில் போய்விட்டார். பாவம், அப்பா சிரித்த முகம் அந்தப் பெண்ணுக்கு அதில்தான் மிச்சம்.

"பாட்டு இருந்த பென்டிரைவை நாசர்தான் சொருகினான், அதுலதான் வைரஸ் வந்துச்சு. அவனை இன்னைக்கே நிப்பாட்டப் போறேன்."

"செத்த பொறுங்க, நாங்க வாரோம்" என்றார் சேதுபதி. உதவியாளர் பாண்டிச்செல்வி அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். துப்பு என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

ஸ்டூடியோவில் நாசர் சுவரோரம் தலைகுனிந்து நின்றான். பெஞ்சில் இருந்த அறிவுச்செல்வி எழுந்து வந்து பாண்டிச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு படமாச்சும் கிடைக்குமாக்கா?"

"எங்க சார் விடமாட்டாரு, கவலைப்படாத" என்றாள் பாண்டிச்செல்வி, பெருமையாக.

சேதுபதி கணினியைத் தொடவில்லை. முதலில் கேமராவையும் பிரிண்டரையும் பார்த்தார். இரண்டின் தலையிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்திருந்தன. கணினிக்கு மட்டும் பொட்டு திரையின் வலது கீழ் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தது. சந்தனம் இன்னும் மணத்தது.

"நாசர், இதைத் துடைக்கணும்னு தோணலையா?"

"முதலாளி வச்ச சாமிப் பொட்டு சார், நான் எப்படித் துடைக்கிறது? வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போயிட்டு வந்தா, புதுசா இருக்கும்."

சேதுபதி ஈரத்துணியால் துடைத்தார். அடியில், திரையில் சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி ஒன்று தெரிந்தது: 'பாதுகாப்பு நின்றுவிட்டது. உடனே இயக்கவும்.'

"பென்டிரைவ் இங்க தினம் வருது. வைரஸைத் தடுக்குற காவல் ஓடியிருந்தா இதையும் தடுத்திருக்கும். அது நின்னுபோச்சுன்னு இந்தப் பெட்டி கத்திக்கிட்டே இருந்திருக்கு. மத்த சாமானுக்குப் பொட்டு வருஷத்துக்கு ஒரு தடவை, தலையில. இதுக்கு வாராவாரம், பெட்டி வர்ற மூலையில. இது பூஜை இல்லண்ணே, மறைப்பு. மறைச்சது நீங்க."

முத்துக்கிருஷ்ணன் முகம் செத்துப்போனது. "மூடினா மறுபடி வருது சார். ஆல்பம் பாக்க வர்றவங்க, கடையில வைரஸான்னு கேக்குறாங்க. மானம் போகுது. நானும் சும்மா விடலை, உங்க ஆபீசுக்கே போன் போட்டேன். அது சும்மா வரும், கண்டுக்காதீங்கன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு."

அந்தப் போனை எடுத்தது பாண்டிச்செல்விதான். மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்த நேரம் அது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. ஐயோ, வாய் கூசாமல் சொன்னோமே!

சேதுபதி அவள் பக்கம் திரும்பாமல், பூட்டிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "இந்தப் பூட்டைத் திறக்க வழியில்லை, படம் திரும்ப வராதும்மா" என்றார் மெதுவாக.

அறிவுச்செல்வியின் கை இன்னும் பாண்டிச்செல்வியின் கைக்குள்தான் இருந்தது. "யாருக்கா அப்படிச் சொன்னது?"

தெரியலை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே நாசர் இன்னும் தலை நிமிராமல் நின்றான்.

"நான்தான் அறிவு."

அறிவுச்செல்வி தன் கையை எடுத்துக்கொண்டாள்.