வளையும் மூட்டு

புகைக்குழாயின் மூட்டு ஈரமாக இருந்தது. நேற்றிலிருந்து இன்ஜின் ஓடவில்லை. குளிர்ந்து, தூசி படிந்து கிடக்கவேண்டிய இரும்பு, ஆள் உடம்பைப்போல இளஞ்சூடாக இருந்தது. அதன் மடிப்புகளுக்குள் கொழகொழவென்று என்னவோ ஊறியிருந்தது. நிஷாந்தி துணியால் துடைத்தாள். துணி ஒட்டிக்கொண்டு நூல் நூலாய் இழுபட்டு வந்தது. சீ என்று அதை மூலையில் வீசினாள்.

ராகலை ஊருக்கு மேலே மலையில், மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் அவள் புருஷன் கஜேந்திரன் வருடக்கணக்காக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தான். ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன விமானம். ஒழுங்காகக் கராஜில் வண்டி திருத்துகிறவனுக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்ததோ, அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. பழைய காரிலிருந்து கழற்றிய ரோட்டரி இன்ஜின் அது. கக்குகிற புகையின் சூட்டிலும் உதறலிலும் புகைக்குழாயை எத்தனை தரம் ஒட்டினாலும் வெடித்துத் தொலைந்தது. வெடிப்பு வழியாகப் புகை இருக்கைக்குள் வந்தால், பறக்கிறவன் தூங்கினாற்போலச் செத்துப்போவான். அதற்காகத்தான் குழாயின் நடுவே இந்த மூட்டைப் பூட்டினான். வளையம் வளையமாய் மடிந்து, சூட்டில் நீண்டு, ஆறினால் சுருங்கும் தகடு. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மைதானத்திலிருந்து பறக்கப் போகிறான். அவனை உயிரோடு இறக்கித் தரும் என்று அவள் நம்பியிருக்கவேண்டியது இந்த அசிங்கத்தைத்தான்.

பூட்டிய அன்று, தொழிற்சாலை வழக்கப்படி, இயந்திரங்களைக் காக்கும் ரோதமுனிக்குச் சேவல் அறுத்தார்கள். சாமிக்கு ஒரு பொட்டு ரத்தம் போதும். இவனோ மடிப்பெல்லாம் நனைய ஊற்றினான். அன்று பிடித்த வாடை, கருகிய மயிரும் புளித்த ரத்தமும் கலந்த வாடை, அவள் சோற்றில்கூட வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்னங்க, இத கழட்டிருங்க. பாக்கவே கொமட்டுது."

"ஆயிலு கசியுது புள்ள, அவ்வளவுதான். முறுக்கிவிட்டா சரியாயிரும். டோர்ச்ச எடுத்துத் தா."

அவன் மல்லாந்து படுத்து, விமானத்தின் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்தான். அவள் கதவோரப் பெட்டிக்குப் போனாள். பட்டப்பகல்தான். ஆனால் உடைந்த ஜன்னல்கள் வழியே மூடுபனி உள்ளே இறங்கி, தூண்களும் தேயிலை உருட்டும் பழைய ரோலர்களும் அடையாளம் தெரியாமல் வெளுத்துப் போயிருந்தன. டோர்ச் கையில் கிடைத்தபோது அந்தச் சத்தம் கேட்டது. யாரோ பல் இல்லாதவர் கஞ்சி உறிஞ்சுகிற சத்தம். விட்டு விட்டு. நிதானமாக.

"என்னங்க?"

அவன் குதிகால்கள் சிமெந்துத் தரையைத் தேய்த்தன. பிறகு தேய்க்கவில்லை.

குனிந்து வெளிச்சம் அடித்தாள். மூட்டின் ஒரு முனை குழாயிலிருந்து கழன்றிருந்தது. அது அவன் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒட்டியிருந்தது.

வளையங்கள் சுருங்கின. நீண்டன. சுருங்கின.

அவளுக்குத் தெரிந்த அசைவு. மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போனால் தினமும் கணுக்காலில் பார்க்கிற அசைவு. அட்டை. இத்தனை பருமனில்.

பிய்க்கக் கூடாது, பிய்த்தால் சதையோடு வரும். மலைக்குப் போகிறவளின் மடியில் உப்பு இல்லாமல் இருக்குமா? முடிச்சை அவிழ்த்து, உள்ளதையெல்லாம் அதன்மேல் கொட்டினாள்.

இரும்பு நெளிந்தது. ஈரமாய் ஒரு சத்தம். விட்டுவிட்டது.

அவன் மார்பு ஏறி இறங்கியது. உயிர் இருக்கிறது, ஐயோ சாமி, உயிர் இருக்கிறது. அந்த நிம்மதியில்தான் அவள் மறந்துபோனாள். உப்புப் பட்ட அட்டை குடித்ததைக் கக்கும்.

கக்கியது. கறுப்பாக. கட்டி கட்டியாக. அவன் முகத்தில். திறந்திருந்த வாயில்.

"துப்புங்க. துப்பிருங்க."

அவன் துப்பவில்லை.

விழுங்கினான்.

தொண்டைத் தோல் ஒரு வளையமாய் மடிந்தது. அடுத்து இன்னொன்று. காதிலிருந்து மார்பு வரை. கழுத்து சுருங்கியது. நீண்டது. கண்களைத் திறக்காமலே, அவன் உதடுகள் வட்டமாய்க் குவிந்து, தரையோடு தரையாக, அவள் கணுக்காலைத் தேடி வந்தன.